தார் முடியும் இடத்துக்கு ஒரு வண்டி

களப்பணிக்கு வரும் மாணவத் தோழர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளில் பாதி சட்டம் பற்றியவை என்றால், மீதிப் பாதி வண்டி பற்றியவை. ஏழெட்டு வருடமாக ஸ்பிளெண்டரோ பல்சரோ தார் ரோட்டில் ஓட்டியவர்கள். லைசென்ஸ் இருக்கிறது, கை பழகியிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் ஒரு மாதம் சுற்றியதும், இந்த வண்டி இந்த வழிக்கு ஆகாது என்று அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது. "டர்ட் பைக் ஒண்ணு வாங்கலாமா? எது வாங்கலாம்?" என்கிறார்கள். கொஞ்சம் தயங்கித்தான் கேட்கிறார்கள், ஏதோ ஆடம்பரத்துக்கு அனுமதி கேட்பதுபோல. தயங்க வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம். எதை வாங்கலாம் என்பதையும் சொல்கிறோம். அதில் எங்களுக்குள்ளேயே கொஞ்சம் சண்டை உண்டு.

முதலில் வழியைப் பார்ப்போம். நாங்கள் போய்வரும் ஊர்கள் பலவற்றில் தார் ரோடு ஊர் மந்தை வரைக்கும் வரும். பஸ் திரும்புகிற இடம், ரேஷன் கடை, பால் சொசைட்டி எல்லாம் தார்மேல் இருக்கும். அதற்கு அப்புறம் காலனிக்கு அரை கிலோமீட்டரோ ஒன்றரை கிலோமீட்டரோ கிராவல்தான். எப்போதோ கொட்டிய கப்பிக்கல், அதன்மேல் செம்மண். சில இடங்களில் கண்மாய்க் கரைதான் பாதை. நம் சுடுகாட்டுக்குப் போகும் பாதை அதைவிட மோசம். எம்.ஏ. வகுப்பில் வெளியின் அரசியல் என்று மாதக்கணக்கில் படித்ததை இங்கே முன்சக்கரம் ஒரே குலுக்கலில் சொல்லிவிடுகிறது. தார் எங்கே முடிகிறது என்று பாருங்கள், சேரி எங்கே தொடங்குகிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பொதுச் சாலை எல்லோருக்கும் பொது என்று சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து அரசு உத்தரவாக்கியது 1924இல். ஆனால் அது மாகாணத்துக்கான உத்தரவு. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான்களின் சமஸ்தானம், 1948இல்தான் இந்தியாவோடு சேர்ந்தது. வழி நடக்கும் உரிமையிலேயே நாம் இங்கே வரிசையில் பின்னால் நின்றவர்கள்.

மண்ணும் ஒரே மண் இல்லை. ஆலங்குடி, ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரிக் காட்டுச் செம்மண். காய்ந்தால் புழுதி, நனைந்தால் சோப்பு. கீரனூர், இலுப்பூர் பக்கம் பாறையும் சரளையும். தைலமரக் காடுகளுக்குள் உதிர்ந்த சருகு, அதற்கடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. வெள்ளாற்றில் இறங்கினால் மணல். மணமேல்குடி பக்கம் கடலோர மணலும் உப்புச் சேறும். எல்லா இடத்துக்கும் பொதுவானது சீமைக்கருவேல முள். இதையெல்லாம் ஒரே வண்டி தாங்க வேண்டும், அதே வண்டி திரும்பும்போது கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் நிற்க வேண்டும்.

இங்கேதான் பலருக்குக் குழப்பம். யூடியூபில் பார்க்கும் அசல் டர்ட் பைக், அதாவது கவாஸாகி கேஎல்எக்ஸ் 140 போன்றவை, ரோட்டில் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றைப் பதிவு செய்ய முடியாது. பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். பண்ணை வைத்திருப்பவன் பண்ணைக்குள் ஓட்டலாம். நமக்குப் பண்ணை இல்லை. ஆகவே நம்மைப் போன்றவர்கள் தேட வேண்டியது நம்பர் பிளேட்டும் ஹெட்லைட்டும் உள்ள, மண்ணிலும் ஓடும் வண்டி. கடைக்காரர் இரட்டை உபயோகம், அட்வெஞ்சர் என்றெல்லாம் சொல்வார். பெயர் முக்கியமில்லை.

நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது எடை. சிசி, குதிரைசக்தி, மைலேஜ் எல்லாம் அப்புறம். மண் ரோட்டுக்குப் புதிதாக வருகிறவர் விழுவார், அதில் சந்தேகமே வேண்டாம். கேள்வி என்னவென்றால், விழுந்த வண்டியை ஆள் அரவமில்லாத கண்மாய்க் கரையில் தனியாகத் தூக்கி நிறுத்த முடியுமா என்பதுதான். ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் நல்ல வண்டி. ஆனால் 200 கிலோவை ஒட்டிய எடை. தார் ரோட்டில் அந்தக் கனமே ஒரு நிதானம். சேற்றில் சாய்ந்து கிடக்கும்போது அது ஒரு எருமை. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி 160 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஸ்பிளெண்டர் 112. டிவிஎஸ் எக்ஸ்எல் 100 இன்னும் லேசு, 90 கிலோகூட வராது. ஷோரூமிலேயே விற்பனையாளரிடம் சொல்லிவிட்டு, வண்டியைப் பக்கவாட்டில் கொஞ்சம் சாய்த்து, நிமிர்த்திப் பாருங்கள். அந்த ஒரு சோதனை பத்து வீடியோவுக்குச் சமம்.

அடுத்தது சீட் உயரம். மண்ணுக்கான வண்டி என்றால் சக்கரம் பெரிது, ஷாக் நீளம், அடிவயிறு உயரம், அதனால் சீட்டும் உயரம். எக்ஸ்பல்ஸில் முன்சக்கரம் 21 அங்குலம், தரைக்கும் வண்டிக்கும் 220 மில்லிமீட்டர் இடைவெளி. கல்லில் இன்ஜின் அடிபடாது. அதற்கு விலையாக சீட் 825 மில்லிமீட்டரில் இருக்கிறது. ஸ்பிளெண்டரில் அது 785. கவாஸாகி கேஎல்எக்ஸ் 230 பதிவு செய்யக்கூடியது, 140 கிலோகூட இல்லை, ஆசையாகத்தான் இருக்கிறது; ஆனால் சீட் 880. எங்கள் குழுவில் ஐந்தடி ஒரு அங்குலத் தோழர் ஒருவர் எக்ஸ்பல்ஸில் ஏறி உட்கார்ந்தபோது இரண்டு காலின் பெருவிரல்களும் தரையைத் தேடின. மண் ரோட்டில் கால் ஊன்றுவதைவிட எழுந்து நின்று ஓட்டுவதுதான் முறை என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் பள்ளத்தில் வண்டி நின்றுபோகும் அந்த ஒரு நொடிக்கு ஒரு காலாவது முழுதாகத் தரையில் பட வேண்டும். அந்தத் தோழர் கடைசியில் தன் பழைய ஸ்பிளெண்டருக்கே பட்டன் டயர் போட்டு, சங்கிலியை மாற்றி, அடியில் ஒரு தகடு அடித்துக்கொண்டார். இன்றைக்கும் எங்களில் அதிக ஊர்களுக்குப் போய்வருகிறவர் அவர்தான்.

இதைச் சொல்லும்போது நம் மாவட்டத்துப் பழைய கதை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1991இல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் தொடங்கியபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் கற்றுக்கொள்வதையும் எழுத்தறிவோடு சேர்த்தார். விவசாயக் கூலிப் பெண்கள், குடுமியான்மலை கல்குவாரியில் கல் உடைத்த பெண்கள் என ஆயிரக்கணக்கில் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1500க்கும் அதிகமான பெண்கள் சைக்கிளில் நகரத்துக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதியதால் உலகத்துக்கே தெரியும். அதில் எங்களுக்குப் பிடித்த இடம் ஊர்வலம் அல்ல. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். பலர் அதையே விரும்பியும் வாங்கினார்கள், ஏனென்றால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இருக்கும் அந்தக் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம். பெண்ணுக்கு எந்த சைக்கிள் என்று கம்பெனி ஒன்றை முடிவு செய்து வைத்திருந்தது. அவர்கள் தங்கள் நாளைப் பார்த்தார்கள், சுமையைப் பார்த்தார்கள், வேறு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். வண்டி தேர்வு பற்றி இதைவிட நல்ல பாடத்தை நாங்கள் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர், நெல் மூட்டை ஏற்ற வேண்டியவர் எக்ஸ்எல் வாங்கினால் அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அது இந்த மாவட்டத்தின் உண்மையான டர்ட் பைக்.

இரண்டு விஷயம் சுருக்கமாக. டயர் காற்றைத் தார் ரோட்டில் 28 வைத்தால் மண்ணில் 20, 22க்கு இறக்கலாம், பிடிப்பு கூடும். அதற்கும் கீழே போனால் டியூப் ரிம்மில் நசுங்கிப் பஞ்சராகும். கைப்பம்பு ஒன்றைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள், கருவேல முள்ளுக்கும் அதுதான் துணை. இன்னொன்று பிரேக். சரளையில் முன்பிரேக்கைத் தார் ரோட்டுப் பழக்கத்தில் அழுத்தினால் முன்சக்கரம் நழுவும். ஏபிஎஸ் இருந்தாலும் நிற்கும் தூரம் கூடும். 2023க்குப் பின் வந்த எக்ஸ்பல்ஸ் 4வியில் ரோடு, ஆஃப்ரோடு, ராலி என்று மாற்றிக்கொள்ள முடியும். ஆரம்பத்தில் ஆஃப்ரோடு போதும்.

ஓட்டப் பழகுவது பற்றி நாங்கள் கறாராக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1929இல் பம்பாய் அரசு அமைத்த குழுவின் வேலையாகப் போய்த் திரும்பும் வழியில், அம்பேத்கர் சாலிஸ்காவ் நிலையத்தில் இறங்கினார். மகர் குடியிருப்புக்கு அவரை அழைத்துப்போக டோங்கா தேடினார்கள். தீண்டத்தகாதவரை ஏற்றி ஓட்டுவது இழிவு என்று டோங்காக்காரர்கள் யாரும் வரவில்லை. வண்டியைத் தருகிறேன், ஓட்ட மாட்டேன் என்றார் ஒருவர். நம் தலைவரை நடக்கவைப்பதா என்று மக்களுக்கு மனம் ஒப்பவில்லை. அவர்களில் ஒருவர், டோங்கா ஓட்டியே பழக்கமில்லாதவர், கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தில் சக்கரம் கல்லுக்கிடையில் சிக்கியது. அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டு கல்தரையில் விழுந்தார், கால் முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றுக்குள் போயின. இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். வண்டி கிடைத்தது, வாடகை கொடுக்கக் காசும் இருந்தது. ஓட்டும் கைதான் நம்மிடம் இல்லை, ஏனென்றால் அந்த வேலைக்கு நம்மை யாரும் பழக விட்டதில்லை. இரவு பதினோரு மணிக்கு ஒரு காலனியிலிருந்து போன் வருகிறது, அடிபட்ட ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால், அந்த நேரத்தில் மண் ரோட்டைப் பழகிக்கொண்டிருக்க முடியாது.

வண்டிக்கு முன்னால் காலுக்கு வாங்குங்கள் என்பது எங்கள் அடுத்த கறார். கணுக்காலை மூடும் பூட்ஸ், முட்டிக்குக் காப்பு, கையுறை, நல்ல ஹெல்மெட். பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கியது போக மீதிதான் வண்டிக்கு. செருப்போடு கிராவலில் ஓட்டி விரல் பெயர்ந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டோம். காலில் எதைப் போடுவது என்பது நமக்குச் சின்ன விஷயமும் அல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருப்பது, 3(1) பிரிவின் (இசட்.ஏ) உட்பிரிவை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பொது இடத்தில் நாம் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறுவதை, ஓட்டுவதை, செருப்போ புத்தாடையோ அணிவதை, திருமண ஊர்வலம் போவதைத் தடுப்பது குற்றம். வண்டியும் செருப்பும் ஒரே வரியில் இருக்கின்றன. ஊர்த் தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்து, உருட்டிக்கொண்டு போன தாத்தாக்கள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். சட்டம் அந்த வரியை எங்கிருந்து எடுத்தது என்று விளக்க வேண்டியதில்லை.

அது தாத்தா காலத்தோடு போகவும் இல்லை. 2025 பிப்ரவரியில், பக்கத்துச் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டிவந்த கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள். நீ எப்படி புல்லட் ஓட்டலாம் என்று கேட்டே வெட்டினார்கள் என்பது குடும்பத்தாரின் புகார். இன்னும் பின்னால் போனால், 1995இல் கொடியங்குளத்துக்குள் புகுந்த போலீஸ் உடைத்தவற்றில் டிவியும் தையல் மிஷினும் இருந்தன, சைக்கிள்களும் டிராக்டர்களும் இருந்தன. 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியில் வீடுகளோடு இருசக்கர வண்டிகளும் எரிந்தன. யாரோ ஆத்திரத்தில் கைக்குக் கிடைத்ததை உடைத்தார்கள் என்று நாங்கள் நம்பவில்லை. தவணை கட்டி வாங்கிய பொருள் எது என்று உடைப்பவனுக்குத் தெரியும்.

இதனாலேயே "கவனத்தை ஈர்க்காத வண்டியா வாங்குங்கப்பா" என்று சொல்லும் மூத்தவர்கள் உண்டு. அவர்கள் பயத்தை நாங்கள் கேலி செய்ய மாட்டோம், அது அனுபவத்தில் வந்த பயம். ஆனால் அந்த யோசனையை ஏற்பதில்லை. எக்ஸ்எல் வாங்குவது உங்கள் வேலைக்குச் சரி என்றால் வாங்குங்கள்; அவனுக்கு உறுத்தும் என்று வாங்காதீர்கள். ஒன்றே ஒன்று, சைலன்சரை மட்டும் மாற்றாதீர்கள். அவர்கள் வீட்டுப் பையன் வண்டியில் அந்தச் சத்தம் திருவிழா, நம் பையன் வண்டியில் அது வழக்கு. இந்த அநியாயத்தோடு மோதத் தினமும் வேறு இடங்கள் இருக்கின்றன, ஓட்டைச் சைலன்சருக்காக ஸ்டேஷனில் ஒரு நாளை இழக்க வேண்டாம்.

எங்களுக்குள் நடக்கும் சண்டை வேறு. அறிவொளி காலத்தில் சைக்கிளிலேயே மாவட்டம் முழுக்கச் சுற்றிய ஒரு தோழர் இருக்கிறார். ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஒரு வண்டியில் போடுவது நுகர்வு மோகம், கார்ப்பரேட் விளம்பரத்துக்கு இயக்கப் பிள்ளைகள் பலியாகிறார்கள் என்பது அவர் கட்சி. வேலைக்கு வேண்டும் என்றால் ஒப்புக்கொள்வார், ஆசைக்கு என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். நாங்கள் அவரிடம் சொல்வது இதுதான்: அண்ணே, 1991இல் அந்த அக்காக்களும் வேலைக்காக மட்டும் சைக்கிள் மிதிக்கவில்லை. காற்று முகத்தில் அடித்தது அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தைலமரக் காட்டு வண்டிப்பாதையில் எழுந்து நின்று ஓட்டும்போது உடம்புக்குக் கிடைக்கும் சந்தோஷத்துக்கு, வன்கொடுமை வழக்கு ஒன்றைக் காரணமாகக் காட்ட வேண்டுமா? பண்ணையார் வீட்டுப் பிள்ளை யாரிடமும் காரணம் சொல்வதில்லை. நம் பிள்ளைகள் மட்டும் ஒவ்வொரு சந்தோஷத்துக்கும் சமூகப் பயன் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றால், அதுவும் ஒரு மனு எழுதும் வேலையாகிவிடும். அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. போன மாதம் பில்லியனில் உட்கார்ந்து வந்தார். "சீட்டு கடினம்" என்பதைத் தவிர வேறு குறை சொல்லவில்லை.

ஆனால் கடன் விஷயத்தில் நாங்கள் அண்ணன் பக்கம். ஃபைனான்ஸ்காரன் காட்டும் மாதத் தவணையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள், மொத்தம் எவ்வளவு கட்டுவீர்கள் என்று கூட்டிப் பாருங்கள். இரண்டு டியூ தவறினால் வீட்டு வாசலில் நாலு பேர் முன்னால் வண்டியைத் தூக்கிப்போவார்கள், அந்த அவமானம் வண்டி கொடுத்த மரியாதையைவிடப் பெரிது. மூன்று நான்கு வருடம் ஓடிய செகண்ட் ஹேண்ட் வண்டியே முதல் வண்டிக்கு நல்லது. எப்படியும் கீழே போடப்போகிறீர்கள். ஆர்.சி.யில் ஹெச்.பி. கேன்சல் ஆகியிருக்கிறதா, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். முன் ஃபோர்க்கில் ஆயில் கசிவு, ஸ்போக் தளர்வு, ரிம் நெளிவு, ஹேண்டில்பார் நேராக இருக்கிறதா, இவை நான்கும் அந்த வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்று சொல்லிவிடும். அடிவயிற்றில் கீறல் இருந்தால் பயப்படாதீர்கள், அது மண்ணில் ஓடிய வண்டிக்கு இயல்பு. கீறலே இல்லாமல் புது பெயின்ட் அடித்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். உதிரிபாகம் புதுக்கோட்டையிலோ திருச்சியிலோ கிடைக்குமா என்பதை வாங்குவதற்கு முன் உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள், ஷோரூமிடம் அல்ல.

பெண் தோழர்களுக்குத் தனியாக ஒன்று: ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கட்டும். நீங்கள் டியூ கட்டி, அண்ணன் பெயரில் பதிவாகி, கல்யாணப் பேச்சு வந்ததும் சாவி கைமாறிப் போன வண்டிகள் எங்களுக்குத் தெரியும்.

பழகுவதற்கு இடம் கேட்கிறவர்களுக்கு. மாசிக்குப் பிறகு தண்ணீர் வற்றிய கண்மாய் உள்வாய் நல்ல இடம், அகலமானது, விழுந்தாலும் மண். யாராவது வந்து கேட்டால் அது அரசுப் புறம்போக்கு என்பதை நினைவில் வையுங்கள். சர்வே எண்ணைப் போனில் வைத்திருப்பது நல்லது. மழை பெய்து ஈரமாக இருக்கும்போது கரைமேல் ஏற்றாதீர்கள், சக்கரம் பதிந்த இடத்தில்தான் பின்னால் உடைப்பு எடுக்கும். விவசாயி வயிற்றில் அடித்துவிட்டு நாம் யாருக்கும் உரிமை பேச முடியாது. முதல் இரண்டு வாரம் முதல் கியர், இரண்டாம் கியர் மட்டும். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, முட்டியால் டேங்கைப் பிடித்து, பார்வையைச் சக்கரத்தில் வைக்காமல் இருபதடி முன்னால் வைத்து எட்டு போடுங்கள். கைப்பிடியை இறுக்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேர் போங்கள், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் தண்ணீரோடும் போனோடும் நிற்கட்டும். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்கு முடித்துவிடலாம். அதற்கு மேல் வெயில் தாங்காது.